கொடையும் கூலியும்

'ஊழியம்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி சுவாரஸ்யமானது. ஒரு காலத்தில் அது ஆண்டவனுக்கோ ஆண்டைக்கோ கட்டுப்பட்டுச் செய்யும் பணியைக் குறித்தது. கிறிஸ்தவ சபைகளில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களில் ஊழியர் என்றால் மாதச் சம்பளமும் பஞ்சப்படியும் உள்ளவர். வங்கி ஊழியனாகிய எனக்கு, ஊழியம் செய்கிறேன் என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. 'தொண்டு' வேறு வழியில் போயிற்று. அடிமைத்தனத்திலிருந்து அடியாரின் பக்திக்கும், அங்கிருந்து கதர் கட்டிய தேசத் தொண்டருக்கும், பிறகு போஸ்டர் ஒட்டும் கட்சித் தொண்டனுக்கும் வந்து நின்றது. அவன் இரவெல்லாம் ஒட்டிய பசை ஒருநாள் வட்டச் செயலாளர் பதவியாகக் காய்ந்து கெட்டிப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் தவறென்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் கூலியில்லாத உழைப்பு பதவியாக மாறும் பாதைகளில் அதிகம் பேர் நடந்த பாதை அதுதான்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் சொல் 'தன்னார்வலர்'. இதில் 'தன்' முன்னால் நிற்கிறது. தொண்டு என்றதும் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். தன்னார்வம் என்றால் செய்கிறவரே கண்ணில் படுகிறார். சொல்லாராய்ச்சியில் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாறுதல் நடந்திருப்பதை மறைக்க முடியாது. வேலை தேடும் இளைஞருக்கான கையேடுகள் பலவும் இன்று ஒரே யோசனையைச் சொல்கின்றன: முதலில் இனாமாக உழை, அனுபவம் வரும், நாலு பேர் பழக்கமாவார்கள், சான்றிதழ் கிடைக்கும், பிறகு வேலை வரும். அமெரிக்க அரசின் தேசிய, சமூக சேவைக் கழகம் 2013இல் இதற்குப் புள்ளிவிவரமே கொடுத்தது. 2002 முதல் 2012 வரையிலான கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்ததில், வேலையில்லாமல் இருந்தவர்களுள் தன்னார்வப் பணி செய்தவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு, செய்யாதவரைவிட 27 சதவிகிதம் அதிகம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களிடம் இந்த வித்தியாசம் 51 சதவிகிதம். நாட்டுப்புறத்தில் வசிப்போரிடம் 55 சதவிகிதம்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன என்றுதான் இந்த எண்கள் சொல்கின்றன. ஒன்றால் மற்றது நடக்கிறது என்று நிரூபிக்கவில்லை. எப்படியும் வேலை தேடிக்கொள்ளக் கூடிய சுறுசுறுப்புள்ளவரே தன்னார்வத்துக்கும் போயிருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த யோசனை சரியாகவே இருக்கட்டும், இனாம் உழைப்பு உண்மையாகவே சம்பள வேலைக்குக் கொண்டுபோய் விடட்டும். அப்போது அந்த உழைப்பு என்ன ஆகிறது? கொடையாகவே இருக்கிறதா, முதலீடாகிவிடுகிறதா? அப்படி ஆவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்வி நம்மிடம் புதிதில்லை. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது, இந்தப் பிறவியில் செய்த தருமம் அடுத்த பிறவிக்கு உதவும் என்று கணக்குப் போடும் வியாபாரி அவன் அல்ல என்கிறார். மறுமையை எதிர்பார்த்துக் கொடுப்பதுகூட வியாபாரம் என்றால், மூன்று மாதத்தில் சான்றிதழை எதிர்பார்த்துக் கொடுப்பது என்னவென்று அவரிடம் கேட்க வேண்டியதில்லை. பலனில் பற்றில்லாத கருமத்தைக் கீதை பேசிற்று. காண்ட் 1785இல் ஒரு கடைக்காரனை உதாரணம் காட்டினார். விவரம் தெரியாமல் வந்த வாடிக்கையாளனிடம் அவன் அதிக விலை வாங்குவதில்லை. காரணம், கடையின் பெயர் கெட்டுவிடும். அவன் செயல் நேர்மையானது, ஆனால் அதற்கு தார்மீக மதிப்பு கிடையாது என்பது காண்டின் தீர்ப்பு. மூவரும் செயலின் வேரைச் செய்கிறவன் மனத்தில் தேடுகிறார்கள்.

அந்தரங்க சுத்தியைப் பற்றிய இந்த விசாரணை எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்தமானது. இலக்கியத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் கொடை விஷயத்தில் இது நம்மைத் தவறான வீட்டுக் கதவைத் தட்ட வைக்கிறது என்றே நினைக்கிறேன். கொடுக்கிறவன் மனத்தையே குடைந்துகொண்டிருக்கும்போது, கேட்கிறவன் யார், எந்த நிலையில் இருப்பவனிடம் கேட்கிறான் என்பது பார்வையிலிருந்து விழுந்துவிடுகிறது. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் கொடையைப் பற்றி 1925இல் எழுதிய ஆராய்ச்சியில், பதில் எதிர்பார்க்காத சுத்தமான கொடை என்பது எந்தச் சமூகத்திலும் இல்லை என்று காட்டினார். கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது மூன்றும் கடமைகள். கொடை மனிதர்களைப் பிணைக்கிற கயிறு. நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு எழுத உட்கார்ந்தவருக்கு இதை விளக்க வேண்டாம். எதிர்பார்ப்பு இருப்பதாலேயே கொடை கெட்டுவிடுவதில்லை என்றால், கெடுவது எங்கே?

கண்ணெதிரே நடந்த ஒன்றைப் பார்க்கலாம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகளின் படிப்பில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிற்று. முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் எங்கள் கடலூரும் ஒன்று. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, அதற்கு மேல் பட்டம். மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. மாநிலம் முழுவதும் மையங்கள் ஏறக்குறைய 2 லட்சம் வரை போயின. வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள்.

மங்கலம்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சியில் இருந்து பார்த்தால் இவர்கள் யார் என்பது தெரியும். விருத்தாசலத்துக்கோ உளுந்தூர்பேட்டைக்கோ பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர்கள். பட்டமும் பி.எட்.டும் வாங்கி வைத்திருப்பவர்கள். ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி நியமனத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள். கல்யாணமாகி வந்த ஊரில், வெளியூர் வேலைக்கு அனுமதி இல்லாமல், தெருவில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மட்டும் அனுமதி பெற்றவர்கள். இவர்கள் ஆர்வத்தைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் எழுத்துக் கூட்டிய பிள்ளைகளுக்கு, அக்காவின் உள்நோக்கம் என்ன என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எழுத்து தெரிந்தது, அது போதும்.

கணக்கையும் பார்த்துவிடலாம், கணக்கு என் தொழில். மாதம் 24 நாள், நாளைக்கு ஒன்றரை மணி என்றால் 36 மணி நேரம். ஆயிரம் ரூபாயை வகுத்தால் மணிக்கு 28 ரூபாய்க்கும் குறைவு. அதே 2021-22இல் நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி ரூ.273. எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 34 ரூபாய். ஏரியில் மண் வெட்டுவதற்குக் குறைந்தபட்சம் ஒரு கூலி உண்டு. எழுத்துச் சொல்லித்தருவதற்கு அது தேவைப்படவில்லை. அது கூலி அல்ல, ஊக்கத்தொகை என்பது பதில். பெயரை மாற்றியதும் கணக்கு செல்லாததாகிவிடுகிறது.

அடுத்து நடந்ததுதான் என் கேள்விக்கு நேராக வருகிறது. 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப முடிவாயிற்று. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000, முதுகலை ஆசிரியருக்கு ரூ.12,000. விஷயம் நீதிமன்றத்துக்கும் போயிற்று. நியமனத்துக்கான நெறிமுறைகளில், தகுதித் தேர்வில் தேறியவர்களோடு, தகுதியுள்ள இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. கையேடுகள் சொன்ன பாதை இங்கே அரசாங்கக் காகிதத்திலேயே போடப்பட்டுவிட்டது. ஆயிரம் ரூபாய் ஆர்வத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தற்காலிக வேலைக்கு ஒரு படி.

இது நியாயமா? நியாயம் என்பதற்கு வலுவான வாதம் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகியவருக்கு, பரீட்சையில் மட்டும் தேறியவருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும். எந்தப் பிள்ளை பசியில் தூங்குகிறது, எது பயத்தில் வாயை மூடிக்கொள்கிறது என்பதை எந்த வினாத்தாளும் சோதிக்காது. வேலை, செய்கிறவனை உருவாக்குகிறது. அப்படி உருவானவரை அடையாளம் காண்பது தவறாகாது. 2011க்குப் பிறகு பொதுத்துறை வங்கிகளுக்கு வந்த பொதுத் தேர்வை எழுதித்தான் நான் குமாஸ்தா ஆனேன். கவுன்டருக்கு வரும் கிழவியிடம் எப்படிப் பேசுவாய் என்று அந்தத் தேர்வு என்னிடம் கேட்கவில்லை. அவள் என்னிடம் கற்றுக்கொண்டதைவிட நான் அவளிடம் கற்றது அதிகம். ஆனால் கற்றது சம்பளத்தோடு.

எதிர்வாதமும் லேசானதல்ல. பரீட்சை குருட்டுத்தனமானது, அதுவே அதன் கௌரவம். விடைத்தாளுக்கு ஜாதி தெரியாது, யார் வீட்டுப் பெண் என்று தெரியாது, போன வருஷம் யாருக்கு வணக்கம் சொல்லத் தவறினாய் என்று தெரியாது. தன்னார்வத்தின் வழியாக வரும் வேலைக்கு யாராவது ஒருவர் உன்னைப் பார்த்திருக்க வேண்டும், நல்லவள் என்று சொல்ல வேண்டும். ஊரில் அந்த யாராவது ஒருவர் யாராக இருப்பார் என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது, இனாமாக உழைக்க எல்லோராலும் முடியாது. மாலை ஐந்து மணிக்கு முந்திரித் தோப்பிலிருந்தோ கரும்புக் கொல்லையிலிருந்தோ திரும்புகிற பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவளாக இருக்கலாம். அவளுக்கு ஆர்வம் குறைவென்று யார் சொன்னது? அவளிடம் கொடுக்க நேரம் இல்லை. ஆர்வத்தைத் தகுதியாக்கும்போது, வீட்டில் யாரோ ஒருவர் சம்பாதிப்பதையும் சேர்த்துத் தகுதியாக்கிவிடுகிறோம்.

மூன்றாவது ஆபத்து இன்னும் பெரியது. பாதை என்று சொல்லப்படுவது பாதையாக இல்லாமல் இருக்குமிடமாகவே ஆகிவிடலாம். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. அதில் வேலை செய்யும் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் பார்வையில் 'கௌரவ'ப் பணியாளர்கள், வாங்குவது மதிப்பூதியம். கால் நூற்றாண்டு, அதற்கு மேலும் அந்த கௌரவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் அமீர்பீ வழக்கில் சொன்னது. 2022 ஏப்ரலில் குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கில், இவர்களுக்கும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும், மதிப்பூதியம் என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது ஊதியமே என்று தீர்ப்பாயிற்று. ஒரு சொல்லின் உண்மைப் பொருளைக் கண்டுபிடிக்க நாற்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. விமரிசகர்கள் சொற்களைப் பற்றிச் சண்டையிடுவதை வெட்டிவேலை என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இதே நீதிமன்றம் 1982இல் ஏஷியாட் விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில் சொன்ன ஒன்று இந்த விவாதத்துக்கு அடிக்கல் என்று கருதுகிறேன். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்ய இசைகிறான் என்றால், பசியோ வறுமையோதான் அவனை அங்கே தள்ளியிருக்கும். அந்த நிர்ப்பந்தமும் பலவந்தமே. எனவே அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு. அடுத்த வருஷம் ராஜஸ்தான் வறட்சி நிவாரண வேலை வழக்கிலும், நிவாரணம் என்ற பெயரைச் சொல்லிக் கூலியைக் குறைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. சம்மதம் இருந்ததா என்று மட்டும் பார்க்காமல், மறுக்க முடிந்திருக்குமா என்று பார்த்தது இந்தத் தீர்ப்பு. காண்டின் கடைக்காரனிடம் தேடிய வேரை இது வேறு மண்ணில் தேடுகிறது.

கொடையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு எதுவும் ஆகியிருக்காது என்ற நிலையில் ஒருவர் கொடுத்தால் அது கொடை. பிறகு அதிலிருந்து வேலை கிடைக்கட்டும், பதவி கிடைக்கட்டும், அதனால் கொடை கெடாது. வேறு கதவே திறக்காத இடத்தில், இந்த ஒரு கதவின் முன்னால் இனாமாக நிற்கச் சொன்னால், நிற்கிறவர் எவ்வளவு மலர்ந்த முகத்தோடு நின்றாலும் அது கொடை ஆகாது. அங்கே குற்றம் எதிர்பார்த்தவரிடம் இல்லை. எதிர்பார்க்க வைத்து அந்த எதிர்பார்ப்பிலேயே வேலை வாங்கியவரிடம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிடலாமே என்பதும் தீர்வாகாது. ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் ரத்த தானம் பற்றி எழுதிய புத்தகத்தில், இனாமாக ரத்தம் வழங்கிய பிரிட்டனையும் காசுக்கு வாங்கிய அமெரிக்காவையும் ஒப்பிட்டு, காசு நுழைந்த இடத்தில் ரத்தமும் கெடுகிறது, கொடுக்கும் பழக்கமும் கெடுகிறது என்று வாதித்தார். நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி முதல் ரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் ரத்தம் கொடுக்கச் சில நிமிஷம் போதும். கொடுத்தவன் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். வருஷக்கணக்கில் மாலை நேரத்தைக் கொடுப்பவரின் விஷயம் அப்படியல்ல. அது அவருடைய பிழைப்பின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

1990களின் அறிவொளி இயக்கத்தை இங்கே நினைக்க வேண்டும். எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டிலும் மாவட்டம் மாவட்டமாக அந்த அலை வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சொல்லித்தந்தவர்களுக்குக் கூலி கிடையாது; இருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அந்த உற்சாகம் பொய் என்று சொல்ல என் அளவுகோல் இடம் தராது. அது ஓர் இயக்கமாக, ஒரு கால எல்லைக்குள் நடந்தது. நிரந்தரமான ஒரு பள்ளிக்கூடத்தின் வேலையை மலிவாகச் செய்துகொள்ளும் ஏற்பாடாக அது தொடங்கவில்லை. அந்த அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்ற நூலில் எழுதிய ச. தமிழ்ச்செல்வன் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். இந்த விவரம் தற்செயலானதல்ல.

ஏனென்றால் நம் கதையும் அதுதான். சிறுபத்திரிகை என்பது தமிழில் கூலியில்லாத உழைப்பின் மிக நீண்ட பரிசோதனை. 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி 1970 வரை நடத்திய சி. சு. செல்லப்பா, புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் கொடுத்ததைக் கொடை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இந்த உலகத்தைத் தாங்கி நின்ற தூண்களைப் பாருங்கள். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை, ஆ. மாதவனுக்குப் பாத்திரக்கடை, நகுலனுக்குக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் வேலை, ஞானக்கூத்தனுக்குப் பொதுப்பணித் துறை. அவர்கள் இனாமாகக் கொடுத்த பக்கங்களுக்கு இந்த இடங்களிலிருந்து பணம் வந்தது. நிரந்தர வேலை என்று ஒன்றில்லாமல் வாழ்ந்து 1997இல் இறந்த பிரமிளின் பக்கங்களுக்கான விலையை அவர் உடம்பு கொடுத்தது. இரண்டையும் ஒரே பெயரால் 'தியாகம்' என்று அழைப்பது நமக்கு சௌகரியமாக இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு எனக்குப் பணம் கிடையாது; கேட்கவும் மாட்டேன். ஒன்றாம் தேதி என் கணக்கில் சம்பளம் ஏறிவிடுகிறது. நான் மறுத்திருக்கலாம், என் வீட்டில் அடுப்பு எரியாமல் போயிருக்காது. அதனால் இது கொடை. ஆனால் வேலையில்லாத ஓர் இளைஞனைக் கூப்பிட்டு, புரூஃப் திருத்து, கட்டுக் கட்டித் தபாலில் சேர், நாலு பெரியவர்கள் பழக்கம் கிடைக்கும், நாளைக்கு ஏதாவது பதிப்பகத்திலோ நாளிதழிலோ இடம் கிடைக்கும் என்று சொல்கிற பத்திரிகை, கையேட்டுக்காரர்கள் செய்யும் வேலையையே இலக்கியத்தின் பெயரால் செய்கிறது. அவனுக்குக் கொடுக்கப் பத்திரிகையிடம் பணம் இல்லை என்பது உண்மை. அந்த உண்மையை அவனிடம் சொல்லிவிட்டு, கட்டை நாமே கட்டித் தபாலில் சேர்க்கலாம். சம்பளம் வாங்கும் நம் கைகளுக்கும் முடிச்சுப் போடத் தெரியும்.

அரசாங்கத்துக்கும் இதே விதிதான், அளவுதான் பெரிது. பள்ளிக்கூடத்துக்கு நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்கு ஆசிரியரை நியமித்து சம்பளம் கொடுக்க வேண்டும். அப்படிச் சம்பளம் வாங்குகிற ஆசிரியை, மணி அடித்த பிறகும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காருவாள், பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை எந்தச் சான்றிதழிலும் எழுத முடியாது. கூலி கணக்குத் தீர்ந்த இடத்தில்தான் கொடை தொடங்குகிறது.